ஊர் வரலாறு தேடப் போனால் எங்க தொடங்கிறது?

அடுத்த கேள்வி யாழ்ப்பாணத்து வலிகாமம் கிழக்கில படிப்பிக்கிற ஒரு ரீச்சர் அனுப்பினது. வாசிக்கிறன்: “எங்கட ஊர் தோட்டம் செய்யிற சின்ன ஊர். கோட்டையும் இல்லை, பழைய மாளிகையும் இல்லை. தரம் 9 பிள்ளையள் 28 பேரை ஊர் வரலாறு எழுத விட்டன். எல்லாரும் ஒரே கதையை எழுதிக்கொண்டு வந்து தந்திட்டினம். எங்க பிழை விட்டனான்?”

ரீச்சர், பிழை பிள்ளையளில இல்லை, குடுத்து விட்ட கேள்வியில. “எங்கட ஊரின்ர வரலாறு என்ன?” எண்டு கேட்டால், பெரியாக்கள் கோயில் மலரில அச்சடிச்சுக் கிடக்கிறதைத்தான் திருப்பிச் சொல்லுவினம். ஊர் முழுக்க எடுக்காதேங்கோ. ஒரு ஒழுங்கை காணும், அரைக் கிலோமீற்றருக்கு மேல வேண்டாம். அந்த ஒழுங்கையில இருக்கிற காணிப் பெயர்களில இருந்து தொடங்குங்கோ.

எங்கட பக்கத்தில ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் பெயர் இருக்கு, உறுதியிலயும், அதாவது காணிப் பத்திரத்திலயும், அந்தப் பெயர்தான் கிடக்கு. கலட்டி எண்டால் கல்லுத் தரை. தாழ்வு எண்டால் மாரியில வெள்ளம் நிக்கிற பள்ளம். பிட்டி எண்டால் மேடு. இப்ப வீடு கட்டி மதில் எழுப்பின இடம் முந்தி என்னவா இருந்தது எண்டு பெயரே சொல்லும். உறுதியில பிள்ளை பார்த்து எழுத வேண்டியது நாலு விசயம்: காணிப் பெயர், எத்தினை பரப்பு, நாலு பக்க எல்லை, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பங்கும் இருக்கோ எண்டது. 16 பரப்பு ஒரு ஏக்கர் எண்டதை முதலே சொல்லிக் குடுங்கோ. சொந்தக்காரரின்ர பெயர், உறுதி இலக்கம், விலை ஒண்டும் எழுதக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. இதை எழுதி ஒரு கடிதம் வீட்டுக்கு அனுப்புங்கோ. காணிப் பிரச்சினை இல்லாத குடும்பம் குறைவு, கடிதம் இல்லாமல் போனால் பெற்றோர் பயந்து உறுதியை எடுக்கவே மாட்டினம். எடுக்க விருப்பமில்லை எண்டால் விட்டிடுங்கோ, வாயால பெயரைச் சொன்னாலே போதும்.

பிறகு கிணறு. செம்மண் தோட்டத்தின்ர வரலாறு முழுக்கக் கிணற்றடியிலதான் கிடக்கு. தண்ணி இறைக்கிற துலாவைத் தாங்கின துலாக்கால் நிண்ட அடையாளம் இருக்கோ, சீமெந்துக் கட்டில ஆண்டு வெட்டியிருக்கோ, வாய்க்கால் எந்தப் பக்கம் போகுது எண்டு பார்க்கச் சொல்லுங்கோ. கல்லுக் கட்டின கயிறு விட்டு, நிலத்தில இருந்து தண்ணி மட்டம் வரைக்கும் அளக்கலாம். அளக்கிறது பெரியாள் ஒருத்தர்தான். கட்டில்லாத தோட்டக் கிணற்றுக்குக் கிட்டப் பிள்ளையள் போகவே கூடாது. அளந்த திகதியையும் எழுதுங்கோ: மாரியில அளந்ததையும் சித்திரையில அளந்ததையும் பக்கத்தில வைச்சு ஒப்பிட்டால் பிழையான முடிவுதான் வரும்.

கதை கேட்கப் போறதுக்கு நாலு பேராப் பிரியுங்கோ, ஏழு குழு வரும். ஒராள் கேட்கும், ஒராள் எழுதும், ஒராள் போனில பதியும், ஒராள் படம் கீறும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போங்கோ. அரை மணித்தியாலம் காணும். பதியிறதுக்கு முதல் சம்மதம் கேட்க வேணும். போனை மேசையில வெறுமன வைச்சால் தட்டிற சத்தமெல்லாம் பதியும், கீழ துணி மடிச்சு வையுங்கோ, மின்விசிறியை நிப்பாட்டுங்கோ.

கேள்வி கையால செய்த வேலையைப் பற்றி இருக்க வேணும். துலா மிதிச்சது ஆர்? தண்ணி அள்ளிற பட்டையைப் பிடிச்சது ஆர்? பங்குக் கிணற்றில இறைப்பு முறை எப்பிடி வந்தது? ஆண்டைக் கேட்டால் ஊகம்தான் வரும். அதனால 1956 இல யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கினது, 1964 மார்கழிப் புயல், 1995 ஐப்பசி இடப்பெயர்வு, இப்பிடி ஆரும் மறக்காத நாளை வைச்சு, அதுக்கு முன்னமோ பின்னமோ எண்டு கேளுங்கோ.

கனபேர் அப்பப்பாமாரைத்தான் தேடிப் போவினம். அம்மம்மாவிட்டயும் கட்டாயம் போக வேணும். வீடு வளவு பெண்ணுக்குச் சீதனமாப் போற வழக்கத்தால, அந்த வளவிலேயே பிறந்து வளர்ந்தது பெரும்பாலும் அவதான். கலியாணம் கட்டி வந்த அம்மப்பாவுக்குத் தெரியாத மரமும் கிணறும் அவவுக்குத் தெரியும்.

கிணற்றுக் கதை கேட்டால், ஆர் அள்ளலாம், ஆரை மறிச்சவை எண்ட கதையும் வரும். அதை மறைக்க வேண்டாம், நடந்தது நடந்ததுதான். ஆனால் ஆக்களின்ர பெயரும் குடும்பமும் கொப்பியில வரக் கூடாது. இரண்டு பக்கத்துப் பேரப்பிள்ளையளும் உங்கட வகுப்பிலதான் இருக்கும். போரில ஆர் செத்தது எண்டு பிள்ளை தானாக் கேட்கவும் கூடாது. அவை சொன்னால் கேட்டுக்கொண்டு இருக்கட்டும், பதிவை நிப்பாட்டட்டும்.

கொப்பியில மூண்டு நிரல் கீறுங்கோ: கண்டது, கேட்டது, நினைக்கிறது. இது இல்லாட்டில் ஒருத்தர் சொன்ன ஊகம் மற்றக் கொப்பியில உண்மையாகிடும்.

எழுத்துச் சான்றுக்கு, அதிபரிட்டக் கேட்டுப் பழைய சம்பவத்திரட்டை, அதாவது பள்ளிக்கூடத்தில நடந்ததுகளை எழுதி வைச்ச கொப்பியைப் பாருங்கோ. பிறகு செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டிக் கிரியைக்கு அடிக்கிற, கல்வெட்டு எண்டு சொல்லுற நினைவுப் புத்தகங்கள். வம்சாவளி கிடைக்கும், ஆனால் புகழ்ச்சி கூட, ஆண்டும் பிழைக்கும், ஒரு குடும்பத்துக்கு இரண்டு கல்வெட்டாவது ஒப்பிட வேணும். இடப்பெயர்வில தொலைஞ்சதுகளுக்கு நூலகம் இணையத்தளத்தில ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கோ, பழைய மலர்கள் கனக்க இருக்கு.

கிண்டிறது கூடாது. பழைய ஓட்டுத் துண்டோ காசோ கண்டால் எடுக்காமல் அளவுகோல் பக்கத்தில வைச்சுப் படம் எடுத்து, இடத்தைக் குறிச்சு, தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கோ. கண்டதை அறிவிக்க வேணும் எண்டு 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் சொல்லுது. ஆக்கள் திரும்பிக் குடியேறாத பத்தைக் காணியளுக்க கால் வைக்கவே வேண்டாம், வெடிபொருள் கிடக்கலாம்.

கடைசியில ஒழுங்கையைப் பெரிய கடதாசியில கீறி, காணிப் பெயரும் கிணறும் குறிச்சு, வாசிகசாலையில ஒரு கிழமை தூக்குங்கோ. பக்கத்தில நூலில பென்சில் ஒண்டு கட்டி விடுங்கோ. “இது கலட்டி இல்லை, அங்கால காணிதான்” எண்டு ஆரும் வந்து திருத்துவினம். தூக்க முதல் ஒரு படம் எடுத்து வையுங்கோ, எது முதல் எழுதினது, எது பிறகு திருத்தினது எண்டு பிரிச்சுப் பார்க்க வேணும்.