சின்ன விமானத்தில் நீண்ட பயணம்: தண்ணீர் குடிக்காமல் போகலாமா?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "நான்கு பேர் உட்காரும் சின்ன விமானத்தில் நான்கு மணி நேரம் பறக்கப் போகிறேன். நானே ஓட்டுகிறேன். கழிவறை கிடையாது. காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டால் சமாளித்துவிடலாம் இல்லையா?"

தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உயரே போகப் போகக் காற்று வறண்டுவிடும். ஒவ்வொரு மூச்சிலும் உடம்பின் ஈரம் போய்க்கொண்டே இருக்கும். சுற்றிலும் கண்ணாடி, நேரே வெயில். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் வியர்த்ததே தெரியாது. தாகம் எடுக்கும்போது உடம்பில் ஏற்கெனவே நீர் குறைந்திருக்கும். முதலில் சோர்வும் தலைவலியும் வரும், அப்புறம் கவனம் சிதறும். விமானக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் சொன்ன எண் மனதில் நிற்காது. நான்கு மணி நேரம் பறந்த பிறகுதானே தரையிறங்க வேண்டும்? நீங்கள் நிதானமாக இருக்க வேண்டிய அந்த நேரத்தில்தான் உடம்பு ரொம்ப வறண்டு போயிருக்கும்.

இன்னொன்று, குடிக்காவிட்டாலும் சிறுநீர் ஊறத்தான் செய்யும். அடர்த்தியாகி, எரிச்சலோடு அவசரப்படுத்தும்.

அதனால் முதல் நாளிலிருந்தே நன்றாகக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். கிளம்பும் முன் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிக்காதீர்கள், அது முழுக்க சீக்கிரமே வெளியே வரப் பார்க்கும். பறக்கும்போது கால் மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று வாய் குடித்தால் போதும். சோடா, கோலா வகையெல்லாம் வேண்டாம். 10,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 30% குறைவு. வயிற்றிலுள்ள வாயு விரிந்து உப்பிக்கொள்ளும்.

சரி, குடித்தது வெளியே வர வேண்டுமே? விமானத்தில் எரிபொருள் ஐந்து மணி நேரத்துக்கு இருக்கலாம், உங்கள் உடம்பு தாங்குவது மூன்று மணி நேரம்தான் என்றால் அந்த மூன்றை வைத்தே வழியைத் திட்டமிடுங்கள். நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏறுவதைப்போல நல்ல வழி வேறில்லை. கணக்கையும் கழிவறையை விட்டு வெளியே வந்த நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். 1961-ல் அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் விண்வெளிக்குப் போனபோது பயணமே 15 நிமிடம்தான் என்று சிறுநீருக்கு ஏற்பாடே செய்யவில்லை. ஏவுதல் மணிக்கணக்கில் தள்ளிப்போனது. கடைசியில் உடைக்குள்ளேயே போக வேண்டியதாயிற்று. தரையில் காத்திருக்கும் நேரம் யாரையும் விடாது.

இறங்க வழியில்லாத பயணத்துக்கு, குழந்தைகளின் டயப்பரில் இருப்பது போன்ற பொடி போட்ட பைகள் கிடைக்கின்றன. சிறுநீர் பட்டதும் கெட்டியாகிவிடும், சிந்தாது. இல்லையென்றால் வாய் அகன்ற, மூடி இறுக்கமான பாட்டில். பெண்களுக்குப் புனல் போன்ற சாதனம் இருக்கிறது. மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடை வேண்டாம்.

இதை வீட்டிலேயே பழகிப் பார்க்க வேண்டும். காரில் பெல்ட் போட்டு உட்கார்ந்து முயன்று பாருங்கள், புரியும். முட்டிக்கொண்டு வந்தாலும் உட்கார்ந்தபடி ஒரு சொட்டு வராது. உடம்புக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். இதை முதன்முதலாக வானத்தில் தெரிந்துகொள்ளக் கூடாது. கீழே இறுக மூடிய பாட்டிலை மேலே திறந்தால் 'புஸ்' என்று காற்று வரும், தண்ணீர் பாட்டிலானாலும் முகத்தில் தெறிக்கும். மெதுவாகத் திறங்கள்.

ஏறும்போதும் இறங்கும்போதும் இந்த வேலை கூடாது. சீராகப் பறக்கும்போது, பக்கத்தில் இன்னொரு விமானி இருந்தால் கட்டுப்பாட்டை வாய்விட்டுச் சொல்லி ஒப்படைத்துவிட்டுச் செய்யுங்கள். தனியாக இருந்தால், தானாக ஓட்டும் கருவியான ஆட்டோபைலட் விமானத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான்.

அடக்கிக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது பலமாக ஒரு அதிர்ச்சி வந்தால், பெல்ட் அழுத்தி அது கிழிந்துபோகவும் வாய்ப்புண்டு. நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள் பயணத்துக்காக அதைத் தாமாக நிறுத்திவிடாமல், மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கூட வருகிறவர்களிடமும் ஏறும் முன்பே பை எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். கூச்சத்தில் அவர்களும் தண்ணீர் குடிக்காமல்தான் வந்திருப்பார்கள்.