ஹார்லெமில் ஒரு சிறுவர் பிரிவு: விதியைத் தளர்த்தத் துணிந்த நூலகர்கள்

[திரையில்: 1900களின் தொடக்கத்து நியூயார்க். டிராம் வண்டிகள், நெருக்கமான குடியிருப்புகள், தெருவில் விளையாடும் பிள்ளைகள்.]

வணக்கம். நியூயார்க் நகரத்தின் ஹார்லெம் பகுதியில், 135ஆம் தெருவில், 1905இல் ஒரு கிளை நூலகம் திறந்தார்கள். அந்த நகரத்தில் இருந்த எத்தனையோ கிளைகளில் அதுவும் ஒன்று. ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு பொது நூலகம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அங்கே வேலை பார்த்த சிலர் தந்த பதில்கள், நகரத்தைத் தாண்டி நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தன. அவர்களில் யாரும் நூலகத்தின் தலைமை இயக்குநர் அல்ல. பெரும்பாலோர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள்.

கதைக்குள் போவதற்கு முன் ஒருவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆன் கரோல் மூர்.

[திரையில்: தாழ்வான அலமாரிகள், ஜன்னலோர இருக்கைகள் கொண்ட பழைய சிறுவர் அறை.]

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவின் பல பொது நூலகங்கள் சின்னப் பிள்ளைகளை உள்ளே விடவே இல்லை. பிள்ளைகள் சத்தம் போடுவார்கள், புத்தகத்தைக் கிழிப்பார்கள் என்ற பயம். 1906இல் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பணிகளுக்குத் தலைமை ஏற்ற மூர் இதை நேர் எதிராகத் திருப்பினார். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அலமாரி வைத்தார். 'அமைதி காக்கவும்' பலகைகளை எடுக்கச் சொன்னார். புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் மொழிகளில் புத்தகம் வாங்கினார். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக விரும்பும் குழந்தை ஒரு பெரிய பதிவேட்டில் தன் பெயரைத் தானே எழுத வேண்டும். நூலகத்திலும் வீட்டிலும் புத்தகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்வேன், நூலகத்தின் விதிகளை மதிப்பேன் என்ற உறுதிமொழி அதில் இருக்கும். தன் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு என்று ஒரு ஏழைக் குழந்தைக்கு அன்று வேறு யார் சொன்னார்கள்?

கதைநேரத்துக்கும் ஒரு முறை இருந்தது. கதையைப் பார்த்து வாசிக்கக் கூடாது, மனதிலிருந்து சொல்ல வேண்டும். தொடங்கும்போது மெழுகுவத்தி ஏற்றுவார்கள். முடிந்ததும் ஒரு குழந்தை மனதுக்குள் ஏதாவது ஆசையை நினைத்துக்கொண்டு அதை ஊதி அணைக்கும். இன்னொரு விதியும் உண்டு: அச்சில் வந்த புத்தகத்தில் உள்ள கதையைத்தான் சொல்ல வேண்டும். தரத்தைக் காப்பாற்றத்தான் அந்த விதி. நல்ல நோக்கம்தான். ஆனால் எந்த நாட்டுக் கதை அச்சேறியிருக்கிறது, எது ஏறவில்லை என்று பார்த்தால் அந்த விதி யாரை வெளியே நிறுத்தியது என்பது புரியும்.

சரி, இப்போது 135ஆம் தெருவுக்கு வருவோம்.

[திரையில்: 1920களின் ஹார்லெம். நூலக வாசல்.]

1920இல் அந்தக் கிளைக்குப் பொறுப்பாளராக எர்னஸ்டைன் ரோஸ் வருகிறார். வெள்ளையினப் பெண். அதற்கு முன் யூதக் குடியேறிகள் நிறைந்த பகுதியில் இருந்த சீவர்ட் பார்க் கிளையில் வேலை பார்த்தவர். ஹார்லெமில் கறுப்பின மக்கள் வேகமாகப் பெருகிவந்த காலம் அது. ரோஸ் முதலில் மாற்றியது புத்தகங்களை அல்ல, ஊழியர்களை. அதே ஆண்டு கேத்தரின் லாட்டிமர் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். நியூயார்க் பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகர் அவர். அப்புறம், ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் தெருவில் கூடிவருவதைக் கவனித்த ரோஸ், அந்த மொழி தெரிந்த ஒருவரைத் தேடினார். ஸ்பானிஷ் பேசும் கரீபியத் தீவான புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் கேட்டபோது அவருடைய கணவர் சம்மதிக்கவில்லை. அந்தப் பெண்ணின் தங்கை அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அக்கா கல்யாணத்துக்காக நியூயார்க் வந்திருந்த அந்தத் தங்கையின் பெயர் பூரா பெல்ப்ரே. ஆண்டு 1921. அந்த நகரத்தின் நூலகங்களில் வேலைக்குச் சேர்ந்த முதல் புவேர்ட்டோ ரிக்கோ பெண் அவர்.

பெல்ப்ரே சிறுவர் பிரிவின் அலமாரிகளைப் பார்த்தார். உலகத்தின் பல பகுதிக் கதைகள் இருந்தன. பாட்டியிடம் அவர் கேட்டு வளர்ந்த கதைகள் ஒன்றுகூட இல்லை. மார்ட்டினா என்ற கரப்பான்பூச்சிப் பெண், அவளைக் கட்டிக்கொள்ள வரிசையில் வரும் மாப்பிள்ளைகள், அவள் தேர்ந்தெடுக்கும் பெரெஸ் என்ற எலி, கடைசியில் அந்த எலி கொதிக்கும் இனிப்புப் பானைக்குள் விழுவது. புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகள் வீட்டில் கேட்கும் கதை இது. ஆனால் அச்சில் இல்லை. அதனால் கதைநேரத்தில் சொல்ல முடியாது.

1920களின் நடுவில் நூலகப் பள்ளியில் பயிற்சி பெற்றபோது, கதைசொல்லல் வகுப்புக்காக இந்தக் கதையை எழுதினார். பிறகு அச்சில் வராத தன் கதைகளைக் கதைநேரத்தில் சொல்ல அவருக்குச் சிறப்பு அனுமதி கிடைத்தது. இந்த அனுமதி ஒரு சின்னச் செய்தி போலத் தோன்றலாம். என்னைக் கேட்டால் இந்த வரலாற்றில் மிக முக்கியமான இடம் இதுதான். பிள்ளைகளை அறிந்தவர் கீழே இருந்தார். விதி மேலே இருந்தது. மேலே இருந்தவர்கள், இவருக்கு இந்த விஷயம் நம்மைவிட நன்றாகத் தெரியும் என்று ஒப்புக்கொண்டார்கள். நூலகத் தலைமை என்று நான் சொல்வது அந்த ஒப்புக்கொள்ளலையும் சேர்த்துத்தான். புதுமை செய்ய ஒருவர் போதாது, அதற்கு வழிவிட இன்னொருவரும் வேண்டும்.

1932இல் அந்தக் கதை புத்தகமாக அச்சாகி வந்தது. பாட்டி சொன்ன கதை, நூலகத்தின் பழைய விதிப்படியே சொல்லத் தகுந்த கதையாகிவிட்டது.

[திரையில்: கைப்பொம்மைகள். ஸ்பானிஷ் மொழியில் ஒரு நிகழ்ச்சி அறிவிப்பு.]

1929இல் பெல்ப்ரே 115ஆம் தெருக் கிளைக்கு மாற்றலானார், ஏனென்றால் புவேர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் அந்தப் பக்கம் குடியேறிக்கொண்டிருந்தன. அங்கே கதைநேரத்தை ஆங்கிலம், ஸ்பானிஷ் இரண்டிலும் நடத்தினார். பிள்ளை கதை கேட்க, கூடவே வரும் அம்மாவுக்கும் புரிய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. குழந்தை இயேசுவைப் பார்க்க ஞானிகள் வந்ததை நினைவுகூர ஜனவரி 6ஆம் தேதி வரும் மூன்று அரசர்கள் திருநாளை நூலகத்திலேயே கொண்டாடினார். நூலகத்துக்கு வராதவர்களைத் தேடித் தேவாலயங்களுக்கும் சமூக மையங்களுக்கும் போனார். பொம்மை செய்து பொம்மலாட்டம் நடத்தினார். 1943இல் இசைக்கலைஞர் ஒருவரை மணந்து வேலையை விட்டார். கணவர் இறந்த பிறகு 1960களில் நூலகத்துக்குத் திரும்பி, தெற்கு பிராங்ஸ் பகுதியில் மறுபடி பொம்மலாட்ட அரங்கு அமைத்தார். அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

இப்போது இன்னொருவர். அகஸ்டா பேக்கர்.

[திரையில்: 135ஆம் தெருக் கிளையின் சிறுவர் பிரிவு, 1930களின் இறுதி.]

1937இல் அதே 135ஆம் தெருக் கிளைக்குச் சிறுவர் நூலகராக வந்தார். பால்டிமோரில் பிறந்தவர், அவரும் பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர். அந்தச் சிறுவர் பிரிவுக்கு வந்த பிள்ளைகள் பெரும்பாலும் கறுப்பினத்தவர். ஆனால் அவர்களைப் பற்றி அன்று வந்த புத்தகங்கள் எப்படி இருந்தன தெரியுமா? படங்களில் முகத்தைக் கோரமாக வரைந்திருப்பார்கள். பேச்சைக் கொச்சையாக எழுதியிருப்பார்கள். பாத்திரமோ வேலைக்காரராகவோ கோமாளியாகவோ மட்டும் வரும். ஒரு குழந்தை அதைக் கையில் எடுத்துத் தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்!

அதைப் பார்த்துப் புலம்பிவிட்டு அவர் நிற்கவில்லை. நல்ல புத்தகத்துக்கான அளவுகோலை வகுத்தார். மொழி, கருப்பொருள், படங்கள் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு புத்தகத்திலும் பார்க்க வேண்டும். 1939இல் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் நினைவாகக் கறுப்பினக் குழந்தைகளுக்கான தொகுப்பு ஒன்றைத் தொடங்கினார். அளவுகோலில் தேறியவை மட்டுமே அதில் சேர்ந்தன. 1946இல் அந்தப் பட்டியல் சிறுநூலாக வெளிவந்தது.

ஒரு பட்டியல் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். நூலகங்கள் அதைப் பார்த்துப் புத்தகம் வாங்கும். வாங்குபவர் கேட்டால் பதிப்பாளர் அச்சிடுவார். பேக்கர் பதிப்பாளர்களிடமும் எழுத்தாளர்களிடமும் நேரடியாகவே பேசினார். பட்டியல் பல முறை திருத்தப்பட்டு, 1971இல் புதிய பெயரோடு வந்தது. சொல்லத் தகுந்த புத்தகங்களும் அதற்குள் பெருகியிருந்தன.

1961இல் பேக்கர் நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் சேவைகள் முழுவதுக்கும் ஒருங்கிணைப்பாளர் ஆனார். அந்த நூலகத்தில் நிர்வாகப் பொறுப்புக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. ஒரு கிளையில் தொடங்கிய அளவுகோல், எண்பதுக்கும் மேற்பட்ட கிளைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும் முறையாக மாறியது. 1974இல் ஓய்வு பெற்ற பிறகும் கதைசொல்லலைக் கற்றுக்கொடுத்தார்.

ஒரு எதிர்ப்பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் போவது நியாயமாகாது. ஆன் கரோல் மூர் அத்தனை கதவுகளைத் திறந்தவர்தான். ஆனால் தன் ரசனைதான் அளவு என்று நினைக்கத் தொடங்கினார். 1941இல் ஓய்வு பெற்றும் அவர் பிடி தளரவில்லை. 1947இல் வந்த 'குட்நைட் மூன்' என்ற படப்புத்தகம் அவருக்குப் பிடிக்கவில்லை. உலகம் முழுக்கக் குழந்தைகள் இன்றும் தூங்கும் நேரத்தில் கேட்கும் அந்தப் புத்தகம், நியூயார்க் பொது நூலகத்தின் அலமாரிக்கு 1972இல்தான் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகள்! ஒரு தலைவர் தன்னைத் தவிர வேறு யாருடைய கண்ணையும் நம்பாமல் போனால் பிள்ளைகளுக்கு என்ன இழப்பு என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டாம்.

[திரையில்: இன்றைய நூலகத்தின் பதின்பருவத்தினர் பகுதி. கணினிகள், உறுப்பினர் அட்டை.]

விதியைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா என்ற கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது. 2021 வரை நியூயார்க்கில் தாமதக் கட்டணம் 15 டாலரைத் தொட்டால் அட்டை முடங்கிவிடும். அப்படி முடங்கியவர்கள் ஏறத்தாழ 4 லட்சம் பேர், அவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். பெற்றோர் கட்டாத 15 டாலருக்காக ஒரு குழந்தை நூலகத்துக்கே வராமல் போவது எவ்வளவு அநியாயம்! அந்த ஆண்டு அக்டோபரில் நகரத்தின் மூன்று நூலக அமைப்புகளும் தாமதக் கட்டணத்தையே நீக்கிவிட்டன. தொலைந்த புத்தகத்துக்கு மட்டும் விலை கட்ட வேண்டும்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், அந்த மூன்றில் ஒன்றான புரூக்ளின் பொது நூலகம் இன்னொரு படி எடுத்து வைத்தது. பல மாநிலங்களில் பள்ளி நூலகங்களிலிருந்து புத்தகங்களை விலக்கிக்கொண்டிருந்த நேரம் அது. 13 முதல் 21 வயது வரை உள்ள யார் வேண்டுமானாலும், அமெரிக்காவின் எந்த ஊரில் இருந்தாலும், புரூக்ளின் நூலகத்தின் மின்னூல் அட்டையை இலவசமாகப் பெறலாம் என்று அறிவித்தது. வெளிமாநிலத்தவருக்கு வழக்கமாக இருந்த 50 டாலர் கட்டணம் அவர்களுக்கு மட்டும் தள்ளுபடி.

அடுத்த வீடியோ பால்டிமோர் பற்றியது. பதின்பருவத்தினருக்கு என்று தனிச் சேவை உருவாக்கிய மார்கரெட் எட்வர்ட்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் குதிரை வண்டியில் புத்தகம் ஏற்றித் தெருத்தெருவாகப் போனவர். தன்னிடம் பயிற்சிக்கு வந்த நூலகர்கள் முந்நூறு புத்தகம் படித்து, அவற்றைப் பற்றித் தன்னிடம் வந்து பேச வேண்டும் என்றும் வைத்திருந்தார். அதை விரிவாகப் பார்ப்போம்.