எங்களுக்கு 43 தான்

(ஆகஸ்ட் 16 மாலை புதுச்சேரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் இசை படித்தவன் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பத்துப் பன்னிரண்டு வருடம் கேசட் கடை வைத்திருந்தவன். தாளில் பாட்டு எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவேன். அது சட்டப்படி சரியா என்று இப்போது கேட்காதீர்கள், கடையை மூடி வெகுநாள் ஆகிறது.

1997 ஆகஸ்டில் ஏ.ஆர். ரகுமானின் 'வந்தே மாதரம்' ஆல்பம் சோனி மியூசிக் வெளியீடாக வந்தது. சினிமாவில் வராத பாட்டை ஜனங்கள் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியது என் கடையில் அபூர்வம். பக்திப் பாட்டை விட்டுவிடுங்கள், அது வேறு வியாபாரம். அந்த வாரம் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். கேசட் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொன்விழாவுக்குப் போட்டது ஐயா, சுதந்திரம் வந்து 50 வருஷம்" என்றேன். "உங்களுக்கு 50. எங்களுக்கு 43 தான்" என்றார். சொல்லிவிட்டுக் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்.

இங்கே இளைஞர்களும் இருப்பதால் சொல்கிறேன். 1947 ஆகஸ்ட் 15 அன்று கடலூரில் மூவர்ணக் கொடி ஏறியது. ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருக்கும் இந்த ஊரில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்தது. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள், 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்று வாக்களித்தார்கள். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முழுதாக மாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்று. கறாராகக் கணக்குப் பார்த்தால் பெரியவர் 35 என்றுகூடச் சொல்லியிருக்கலாம். எல்லையில் அப்போது சுங்கச் சோதனை. இப்போதும் முள்ளோடையில் சோதனை உண்டு, எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். வந்தே மாதரம் என்றால் எங்கள் தலைமுறைக்குப் பள்ளிக்கூடத்தில் கண்ணை மூடிக் கைகட்டிப் பாடுவது. தேஷ் ராகம், மெதுவான நடை, நடுவில் யாராவது இருமுவார்கள். ஆனால் அந்த இரண்டு சொல்லும் ஒரு காலத்தில் கத்துவதற்கே இருந்தவை. பங்கிம் சந்திரர் எழுதி 1882-இல் நாவலில் சேர்த்த பாட்டு அது. 1896-இல் கல்கத்தா காங்கிரஸில் தாகூர் பாடினார். 1905-இல் வங்காளத்தைப் பிரித்ததும் பாட்டிலிருந்து முதல் இரண்டு சொல் மட்டும் பிய்த்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டது. கிழக்கு வங்காள அரசாங்கம் பொது இடத்தில் அதைக் கத்தக்கூடாது என்று தடையே போட்டது. ராகத்தோடு பாடியதற்கு எந்த அரசாங்கம் பயப்படும்?

பாரதியார் முழுப்பாட்டையும் தமிழாக்கினார். ஒருமுறை செய்தது போதாதென்று இரண்டாம் முறையும் செய்தார். 1908-இல் உங்கள் ஊருக்கு வந்து பத்து வருடம் இருந்தார். 1918 நவம்பரில் எல்லையைத் தாண்டி எங்கள் பக்கம் வந்ததும் பிடித்துக் கடலூர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் வைத்தார்கள். உங்கள் ஊர் அவருக்கு வீடு கொடுத்தது, எங்கள் ஊர் கம்பி எண்ண வைத்தது. அந்தக் கூச்சம் எங்களுக்கு உண்டு.

ரகுமான் செய்தது என்னவென்றால், பாட்டாகிப்போன கோஷத்தை மறுபடியும் கோஷமாக்கினார். அந்த ஆல்பத்தில் 'தாய் மண்ணே வணக்கம்' கேளுங்கள். சரணம் தணிந்த குரலில், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல வரும். அப்புறம் குரல் ஏறும். வந்தே மாதரம் என்று உச்சத்தில் எடுக்கும் இடத்தில், தேர்ந்த பாடகர் என்றால் வழவழவென்று பாடிவிட்டுப் போயிருப்பார். இவர் குரல் அங்கே திணறுகிறது, நரம்பு புடைப்பது காதில் விழுகிறது. அந்தத் திணறலைத் துடைக்காமல் விட்டார் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பிடித்தது. அப்போது அவருக்கு வயது 30.

சொல்லையும் பாருங்கள். வந்தே என்றாலும் வணக்கம்தான், இதே பாட்டுக்கு இந்தியில் மெஹபூப் எழுதிய சலாம் என்றாலும் வணக்கம்தான். தமிழில் வைரமுத்து தாயோடு மண்ணைச் சேர்த்தார். மண் என்று சொன்னால்தான் நமக்குக் காலில் ஒட்டுகிறது.

பிரான்சின் தேசிய நாளான ஜூலை 14 அன்று இங்கே கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுப் படையில் இருந்த முதியவர்கள் பதக்கம் குத்திக்கொண்டு நின்று இரண்டு நாட்டுக் கீதத்துக்கும் மரியாதை செய்வார்கள். பிரான்சின் கீதம் படை நடைக்கு என்றே பிறந்தது, உட்கார்ந்திருப்பவனை எழுப்பிவிடும். அதைக் கேட்டுப் பழகிய ஊர் என்பதாலோ என்னவோ, என் கடைக்கு இந்த ஆல்பம் கேட்டு வந்தவர்களில் புதுவைக்காரர்கள் அதிகம்.

ஒரு விஷயம். மறு ஆண்டு ஒரு பள்ளிக்கூடக் கொடியேற்றத்துக்கு மைக் செட்டோடு போனேன். சரியாக உச்சக் குரல் வரும் இடத்தில் என் டெக்கில் டேப் சிக்கியது. குரல் தடித்து, இழுத்து, கீச்சென்று நின்றது. நான் மூடியைத் திறந்து, டேப்பைச் சுற்ற ரெனால்ட்ஸ் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறேன், பிள்ளைகளே அந்த இரண்டு சொல்லைக் கத்தத் தொடங்கிவிட்டார்கள். சரணம் ஒருவனுக்கும் தெரியாது. தலைமையாசிரியர் கையமர்த்திப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசியில் அவரும் கத்தினார். எனக்குக் கூலியைக் குறைத்துத்தான் கொடுத்தார், நியாயம்தான்.

அதே ஆல்பத்தில் இன்னொரு பாட்டைச் சொல்லாமல் இறங்கமாட்டேன். பாகிஸ்தானின் கவ்வாலிப் பாடகர், அதாவது சூஃபி பக்திப் பாட்டுக்காரர், நுஸ்ரத் ஃபதே அலி கான் ரகுமானோடு சேர்ந்து பாடியது. ஜலந்தர்ப் பூர்வீகம், பிரிவினையில் அந்தப் பக்கம் போன குடும்பம். நம் சுதந்திரப் பொன்விழாவுக்கு அந்தக் கரையிலிருந்து ஒருவரைப் பாட அழைக்கலாம் என்று தோன்றியதே பெரிது. ஆல்பம் வெளிவந்து சில நாளில் லண்டனில் இறந்துபோனார். தேதி 1997 ஆகஸ்ட் 16. இந்த மேடைக்கு அழைப்பு வந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான்.

அந்தக் கேசட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். கடைக்காரப் பழக்கம், அந்தப் பாட்டு தொடங்கும் இடத்துக்கே சுற்றி வைத்துவிட்டேன். தம்பி, மைக்கைக் கொஞ்சம் டேப்ரிக்கார்டர் பக்கம் திருப்பு.