கல்லைப் பார்த்து ஏமாறாதேங்கோ, ஓட்டையைப் பாருங்கோ! | வீட்டிலயே கல்லுமணி மாலை கோக்கிறது

வணக்கம், வாங்கோ. கல்லுமணி வாங்கப்போனா நாங்கள் எல்லாரும் என்னத்தைப் பாக்கிறம்? கலர், மினுக்கம், பேந்து விலை. மணிக்கு நடுவில இருக்கிற ஓட்டையை ஒருத்தரும் பாக்கிறேல்லை, ஆனா கல்லு உண்மையோ பொய்யோ, மாலை எவ்வளவு காலம் நிக்கும் எண்டதெல்லாம் அந்த ஓட்டைக்குள்ளதான் கிடக்கு.

இந்தா, கமராவுக்குக் கிட்டக் கொண்டு வாறன், பொறுங்கோ ஃபோகஸ் ஆகட்டும். டேர்கொய்ஸ், அதுதான் அந்த விலை கூடின பச்சைநீலக் கல்லு, எண்டு சொல்லித் தந்த சரம் இது. ஃபோன் டோர்ச்சை அடிச்சுப் பாருங்கோ, வெளியில நீலம், ஓட்டைக்கு உள்ளுக்க வெள்ளை! ஹவ்லைட், மக்னசைட் எண்ட வெள்ளைக் கல்லுகளுக்குச் சாயம் போட்டு இப்பிடித்தான் விக்கிறவை. சில கல்லில இதுக்கு நேர்மாறா ஓட்டை வாயிலயும் வெடிப்பிலயும் சாயம் கட்டியா நிக்கும். நெயில் பொலிஷ் ரிமூவரைப் பஞ்சில தொட்டு உரஞ்சினா கனக்கச் சாயம் பஞ்சில வந்திடும், ஆனா முத்தில மட்டும் அந்த விளையாட்டு வேண்டாம், மினுக்கம் போயிடும். கடையில வச்சு உரஞ்சிப்போட்டு என்ர பேரைச் சொல்லாதேங்கோ. சாயம் போட்ட கல்லு வடிவில்லை எண்டு நான் சொல்லேல்லை, டேர்கொய்ஸ் விலை குடுக்கிறதுதான் விசர் வேலை. ஓப்பலைட்டும் அப்பிடித்தான், அது கண்ணாடி, அதை நிலாக்கல் எண்டு சொல்லித் தலையில கட்டுறவை. எங்கட நாட்டு நிலாக்கல் காலி மாவட்டத்தில மீட்டியாகொடையில கிண்டி எடுக்கிறது.

இனி எனக்கு விருப்பமான பகுதி, ஸ்கிப் பண்ணாதேங்கோ. சுன்னாகத்துக்குப் பக்கத்தில இருக்கிற கந்தரோடையில தொல்பொருள் ஆய்வுக்குக் கிண்டேக்க பழைய கார்னீலியன் மணியளும் வந்தது, அந்தச் செம்மஞ்சள் கல்லு. அதின்ர கடினம், கல்லுக்கு ஒண்டிலயிருந்து பத்து வரைக்கும் போடுற மோஸ் அளவில, ஏழுக்குக் கிட்ட, சாதாரண இரும்புக் கத்தியால ஒரு கீறலும் போட ஏலாது. அப்ப மோட்டரும் இல்லை கரண்டும் இல்லை, எப்பிடியப்பா ஓட்டை போட்டவை?

குஜராத்தில கம்பாத் எண்ட ஊரில இண்டைக்கும் கல்லுமணி வேலை நடக்குது. அங்க கைவேலையா எப்பிடித் துளைக்கிறவை எண்டா, மெல்லிய இரும்புக் கம்பி நுனியில பொட்டு மாதிரி வைரத் துண்டைப் பதிச்சு, வில்லுக் கட்டின தடியால அதை முன்னுக்கும் பின்னுக்கும் சுத்தி, சூடு ஏறாமல் தண்ணி சொட்ட விட்டு, முதல் ஒரு பக்கத்தால பாதி, பேந்து மணியைத் திருப்பி மற்றப் பக்கத்தால பாதி. ஒரே பக்கத்தால கடைசி வரைக்கும் விட்டா துளைப்பான் வெளிய வரேக்க கல்லின்ர வாய் சிதறிப்போகும், அதுக்குத்தான் ரெண்டு பக்கம். ரெண்டும் நடுவில சந்திக்க வேணும், கண்ணால பாக்கவும் ஏலாது! சில மணியில ஊசி பாதியில இடறி நிக்கிறது அந்தச் சந்தியில ஒரு சின்னப் படி இருக்கிறதாலதான், உங்கட கையில பிழை இல்லை.

அந்தப் படியும் ஓட்டை வாய் விளிம்பும்தான் நூலை அறுக்கிறது. கிணத்துக்கட்டில உரஞ்சி உரஞ்சிக் கயிறு தேயுறதைப் பாத்திருப்பீங்கள்தானே, அதுதான் கழுத்திலயும் நடக்குது. பீட் ரீமர் எண்டு வைரத்தூள் பூசின சின்ன அரம் ஒண்டு இருக்கு, அதால வாயை மழுக்கலாம், ஆனா கட்டாயம் மணியைத் தண்ணிக்குள்ள வச்சுத்தான் செய்யோணும், அந்தக் கல்லுத்தூசி சுவாசப்பைக்குக் கூடாது.

கனபேர் தங்கூசியில, அதுதான் மீன்பிடிக்கிற ஒற்றை இழை நைலோன் நரம்பில, கோக்கினம். அண்ணா, அக்கா, தங்கூசி வலையைக் கடலிலயே தடை செய்திருக்கு, நான் கழுத்திலயும் தடை செய்யிறன்! வெய்யில் பட்டு நொறுங்கும், பாரத்துக்கு இழுபட்டு மணிக்கு மணி இடைவெளி வரும். கல்லுக்கு நைலோன் பூசின உருக்குக் கம்பி வாங்குங்கோ, உள்ளுக்க 7, 19, 49 இழை எண்டு வரும், இழை கூடக்கூட வளைஞ்சு குடுக்கும், என்ர வோட்டு 49க்கு. முத்துக்குப் பட்டுநூல், மணிக்கு மணி முடிச்சு.

கணக்கு கெதியாச் சொல்லுறன். சரமா விக்கிறது அனேகமா 15, 16 இஞ்சிதான், 18 இஞ்சி மாலைக்கு ஒரு சரம் காணாது. 6 மில்லிமீட்டர் மணி எண்டா 70க்கு மேல வேணும்.

கோத்து முடிய கிரிம்ப் மணியை, அதுதான் நசுக்கிக் கம்பியைப் பூட்டுற சின்ன உலோக மணியை, போட்டு, கம்பியைக் கொளுக்கி வளையத்துக்குள்ளால விட்டுத் திருப்பி அதே கிரிம்ப்புக்குள்ளால எடுத்து, குறட்டால நசுக்குங்கோ. இறுக்கி இழுக்காதேங்கோ, மாலை வளையாமல் விறைச்சுக்கொண்டு நிக்கும், ரெண்டு மில்லிமீட்டர் இளக்கம் விடுங்கோ. வால்க்கம்பியை ரெண்டு மூண்டு மணிக்குள்ளால விட்டுப்போட்டு வெட்டுங்கோ, இல்லாட்டி பின்கழுத்தில குத்திக்கொண்டே இருக்கும். செவ்வந்திக்கல் கோத்தா யன்னல் வெய்யிலில தூக்க வேண்டாம், ஊதா வெளிறிப்போகும்.

முத்துக்கு முடிச்சுப் போடுறது தனி வீடியோவா வருது. உங்களுக்கு 16 இஞ்சியோ, 18ஓ, 20ஓ எண்டு கொமெண்டில போடுங்கோ, கூடப்பேர் கேக்கிற அளவுக்குத்தான் அதில நூல் வெட்டப்போறன்.