ஏட்டுச் சுரைக்காய்தானா சமாதான ஒப்பந்தம்?

(பட்டிமன்றத் தலைப்பு: சமாதான ஒப்பந்தங்கள் வன்முறையை நிறுத்துகின்றனவா, ஒத்திப்போடுகின்றனவா? ‘நிறுத்துகின்றன’ அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் பெரிய கைதட்டல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறார். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? வட அயர்லாந்தில் 1998 ஏப்ரலில் கையெழுத்துப் போட்டார்கள், ஆகஸ்டில் ஓமா நகரில் குண்டு வெடித்தது. நாலு மாதம் தாங்கவில்லை அந்தக் காகிதம்!” என்றார். நீங்களும் தட்டினீர்கள். சரி, அந்த ஓமாவிலிருந்தே நான் தொடங்குகிறேன். பிரிட்டனோடே இருப்போம் என்ற புராட்டஸ்டண்டுகளும், அயர்லாந்தோடு சேர்வோம் என்ற கத்தோலிக்கர்களும் முப்பது வருடம் மோதிக்கொண்ட மண் அது. அந்த மோதலை முடிக்கப் போட்டதுதான் 1998 ஒப்பந்தம்.

ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. கடைத்தெரு நிறையக் கூட்டம். காரில் வைத்த குண்டு வெடித்து 29 பேர் செத்தார்கள். அதில் ஒரு தாயின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அந்த ஒரே தெருவில் விழுந்தார்கள். இதை மறைத்துவிட்டு எனக்கு இங்கே வெற்றி வேண்டாம்.

ஆனால் நண்பர் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார் ஐயா! அதற்கு அப்புறம் என்ன நடந்தது? முப்பது வருடமாக அந்த ஊர்களில் ஒரு சாவுக்கு இன்னொரு சாவுதான் பதில். இந்த முறை பழிக்குப் பழி மூளவில்லை. அயர்லாந்தோடு சேர ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏ இயக்கத்தின் அரசியல் முகமான ஜெரி ஆடம்ஸே அந்தக் குண்டை வெளிப்படையாகக் கண்டித்தார். குண்டு வைத்த, ஐஆர்ஏ-வை விட்டுப் பிரிந்துபோன குழு அடுத்த மாதமே போர்நிறுத்தம் அறிவித்தது. பின்னாளில் அது மறுபடி தலைதூக்கியது உண்மைதான். ஆனால் ஒளிந்துகொள்ள ஊர் கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? மே மாதமே அந்த ஊர் வாக்குச்சாவடிக்குப் போய், வட அயர்லாந்தில் 71 சதவீதம், தெற்கே அயர்லாந்துக் குடியரசில் 94 சதவீதம் என்று ஒப்பந்தத்துக்குச் ‘சம்மதம்’ சொல்லிவிட்டது. அது வரைக்கும் “உங்களுக்காகத்தான் சுடுகிறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, “எங்களுக்காக வேண்டாம்” என்று சனங்களே சொன்ன நாள் அது!

இப்போது ஒரு மனிதரைச் சொல்கிறேன். இயன் பெய்ஸ்லி. பிரிட்டனோடே இருக்க வேண்டும் என்ற பக்கத்தின் தலைவர், புராட்டஸ்டண்ட் பாதிரியார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். 1985-இல் பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தின் முன்னால், வட அயர்லாந்து விவகாரத்தில் அயர்லாந்துக் குடியரசும் ஒரு வார்த்தை சொல்ல உரிமை தந்த ஒப்பந்தத்தை எதிர்த்து, “ஒருபோதும் இல்லை! ஒருபோதும் இல்லை! ஒருபோதும் இல்லை!” என்று முழங்கியவர். போப்பாண்டவர் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசும்போது எழுந்து கத்தியவர். 1998 ஒப்பந்தத்தையும் எதிர்த்தவர்தான். எதிர்ப்பக்கம் மார்ட்டின் மெக்கின்னஸ். டெர்ரி நகரில் ஐஆர்ஏ தளபதியாக இருந்தவர்.

2007 மார்ச்சில் பெய்ஸ்லி ஜெரி ஆடம்ஸோடு உட்கார வேண்டும். எப்படி உட்காருவது? எதிரெதிரே உட்கார்ந்தால் பகையாளி போலத் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் கூட்டாளி போலத் தெரியும். கடைசியில் மேசைகளைச் சாய்சதுரமாகப் போட்டு, ஒரு முனையில் ஆளுக்கொரு பக்கமாக உட்காரவைத்தார்கள். நாற்காலிக்கே இவ்வளவு பாடு! அதே வருடம் மே மாதம் பெய்ஸ்லி முதலமைச்சர், மெக்கின்னஸ் துணை முதலமைச்சர். பெயரில்தான் துணை. இருவருக்கும் சம அதிகாரம், ஒருவர் விலகினால் மற்றவரும் பதவியில் நிற்க முடியாது.

மெக்கின்னஸ் அந்த வருடக் கடைசியில் சொன்னார்: மார்ச் 26 வரைக்கும் நாங்கள் இருவரும் எதைப் பற்றியும் பேசியதே இல்லை, வானிலையைப் பற்றிக்கூட. அம்மா, திரும்பச் சொல்கிறேன், வானிலையைப் பற்றிக்கூட! நாள் முழுக்க மழை பெய்கிற நாடு அது. “மழை வரும் போலிருக்கே” என்று ஒரு வார்த்தை சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. அந்த இரண்டு பேரும் பதவியேற்ற பிறகு ஒவ்வொரு புகைப்படத்திலும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் ‘சிரிப்புச் சகோதரர்கள்’ என்றே பெயர் வைத்தார்கள். 2014-இல் பெய்ஸ்லி இறந்தபோது, நான் ஒரு நண்பரை இழந்துவிட்டேன் என்றார் மெக்கின்னஸ். ஒப்பந்தத்தை எதிர்த்தவரையும் ஒன்பது வருடத்தில் தனக்குள் இழுத்துக்கொண்டது அந்தக் காகிதம். 2006-இல் சில திருத்தம் செய்தார்கள், ஆனால் அந்த இரட்டை நாற்காலியைச் செய்து வைத்தது 1998.

எண்ணிக்கை வேண்டுமா? முப்பது வருடத்தில் சுமார் 3,500 பேர் செத்த மண். 1972 ஒரே வருடத்தில் ஐந்நூறை நெருங்கியது. 2006-க்குப் பிறகு வருடத்துக்கு ஒற்றை இலக்கம். அந்த ஒன்றிரண்டும் கூடாதுதான்.

ருவாண்டாவைச் சொன்னார் நண்பர். 1993 ஆகஸ்டில் தான்சானியாவின் அருஷா நகரில் அரசும் கிளர்ச்சிப் படையும் கையெழுத்து, 1994 ஏப்ரலில் இனப்படுகொலை. உண்மை. சுமார் 2,500 ஐ.நா. வீரர்கள் அங்கே இருந்தார்கள். கொலை தொடங்கியதும் அவர்களைக் கூட்டுவதற்குப் பதில் 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது பாதுகாப்புச் சபை. பழி ஒப்பந்தத்தின் மேலா, காவலை எடுத்தவர்கள் மேலா?

2002-இல் இலங்கையில் போட்ட ஒப்பந்தமும் முறிந்துபோனது. அதை எந்த வாயால் நான் மறுப்பேன்? ஆனால் அது உயிரோடிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-9 சாலை திறந்தது. வருடக்கணக்கில் முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் யாழ்ப்பாணத்தில் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்த நாட்களையும் ஏட்டுச் சுரைக்காய் என்பாரா நண்பர்?

பெல்ஃபாஸ்டில் பேச்சுவார்த்தையை நடத்தியவர் ஜார்ஜ் மிட்செல், அமெரிக்கர். 1997 அக்டோபரில் அவருக்கு மகன் பிறந்தான். அதே நாளில் வட அயர்லாந்தில் எத்தனை குழந்தைகள் பிறந்தன என்று விசாரித்தார். 61 என்றார்கள். என் மகனுக்குக் கிடைக்கிற வாழ்க்கை இந்த 61 பேருக்கும் ஏன் கிடைக்கக்கூடாது என்ற நினைப்போடு மறுபடி மேசைக்குப் போனார். அவர்கள் இன்றைக்கு இருபதைத் தாண்டிய இளைஞர்கள். ராணுவச் சோதனைச்சாவடி இல்லாத சாலையில் பள்ளிக்கூடம் போனவர்கள். நடுவர் அவர்களே, அந்த 61 வீட்டிலும் ஒரு அம்மா உண்டு. அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தீர்ப்பை எழுதுங்கள். நன்றி, வணக்கம்!