டிரம் போச்சு என்றார்கள். போனது இரண்டு பேரிங்: வாஷிங் மெஷின் மோட்டார் சத்தம்

வணக்கம்ங்க. இன்றைக்குப் பின்கட்டிலிருந்து பேசுகிறேன். எனக்குப் பின்னால் சுவரை விட்டு இழுத்துப் போட்டிருப்பதுதான் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின். முன்பக்கம் கதவு வைத்த ஃப்ரன்ட் லோடு, 6 கிலோ, ஒன்பது வருடமாக ஓடுகிறது. முதலில் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். போன வாரம் ஸ்பின் ஓடும்போது போனில் பதிவு செய்தது.

கேட்டதா? பக்கத்து வீட்டு அக்கா மதில் மேலே எட்டிப் பார்த்து, "மாவு மில் வெச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டோம். ஒரு நிமிடம் ஓட விட்டுப் பார்த்தார். பின்பக்கத் தகட்டைக் கழற்றவே இல்லை. "டிரம் பேரிங் போச்சு சார், டப்போட மாத்தணும், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார். பேரிங் என்றால் சுற்றுகிற தண்டைத் தாங்கும் குண்டு வைத்த வளையம். டப் என்றால் டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் வெளித் தொட்டி. அப்படி ஒரு வேலை உண்டுதான். பல மெஷின்களில் டப்பின் இரண்டு பாதிகளையும் பிரிக்க முடியாதபடி ஒட்டியே விடுகிறார்கள், உள்ளே பேரிங் போனால் டப்பையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். எனக்கு உறுத்தியது வேறு. எந்த நேரத்தில் என்ன சத்தம் என்று அவர் ஒரு வார்த்தை கூடக் கேட்கவில்லை.

நான் அம்மாவிடம் கேட்டேன். தினமும் பக்கத்தில் நின்று கேட்பவர் அவர்தானே. "துணி புரளும்போது லேசா கரகரங்குது. பிழியற நேரத்துல ஊஊன்னு ஏறுது. தண்ணி வெளிய போறப்ப ஒண்ணுமில்ல" என்றார். பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. தண்ணீர் போகும்போது கடகட என்றால் டிரெயின் பம்ப். கீழே இருக்கும் ஃபில்டரைத் திருகித் திறந்தால் சில்லறைக் காசோ ஊக்கோ கிடக்கும். டொக் டொக் என்று மெஷினே நடந்து போனால் துணி ஒரு பக்கம் சேர்ந்திருக்கும், இல்லையென்றால் அடியில் இருக்கும் ஷாக் அப்சார்பர். வேகம் ஏற ஏறச் சத்தமும் சுருதி ஏறினால் சுற்றுகிற ஏதோ ஒன்றில்தான் கோளாறு. அப்படிச் சுற்றுபவை இரண்டு: டிரம், மோட்டார். எது என்று பிரிக்க வேண்டும்.

சரி, பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. தண்ணீர்க் குழாயையும் மூடியாகிவிட்டது. பின்தகடு ஆறு ஸ்க்ரூதான். இதோ, பெரிய சக்கரம் டிரம்முடையது. கீழே, அந்தச் சின்ன உருளை மோட்டாருடையது. இரண்டையும் இணைக்கும் இந்த மெல்லிய வரி வரியான பெல்ட்டைக் கழற்றப் போகிறேன். பெரிய சக்கரத்தைத் திருப்பிக்கொண்டே பெல்ட்டை ஓரமாக இழுத்தால் சைக்கிள் செயின் போலக் கழன்று வந்துவிடும்.

இப்போது டிரம்மைக் கையால் சுற்றுகிறேன். மைக்கைப் பக்கத்தில் வைக்கிறேன்... சத்தமே இல்லை. கதவு வழியாகக் கையை விட்டு டிரம்மின் விளிம்பை மேலே தூக்கிப் பார்க்கிறேன். ஆட்டம் இல்லை. சக்கரத்துக்குப் பின்னால் டப்பில் துருக் கறையும் வழியவில்லை. டிரம் பேரிங் போயிருந்தால் முதலில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் கசிந்து அந்த இடத்தில் பழுப்புக் கோடு விழுந்திருக்கும். ஒன்பதாயிரம் மிச்சம்.

அடுத்து மோட்டார். இந்த உருளையை விரலால் திருப்புகிறேன். கேட்கிறதா? கரகர... கரகர... வறுத்த ரவையைக் கையில் போட்டுத் தேய்ப்பது போல. விரலிலேயே அந்த நறநறப்பு தெரிகிறது.

அவசரப்பட்டு பேரிங் என்று சொல்லிவிடக் கூடாது. இது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார், அதாவது சுற்றுகிற பாகத்தை உரசிக்கொண்டே அதற்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு கரித்துண்டுகள். பிரஷ் தேய்ந்தாலும், அது உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் மேடு பள்ளமானாலும் இது போலவே உரசும். அதனால் இரண்டு பிரஷ்ஷையும் கழற்றிவிட்டு மறுபடி திருப்புகிறேன். பாருங்கள், அதே கரகர. ஆக, பேரிங்தான். பிரஷ்கள் இன்னும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேலே இருக்கின்றன, அவற்றையே திரும்பப் போடலாம். எது எந்தப் பக்கம் இருந்தது என்று டேப் ஒட்டி எழுதி வையுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில வீடியோக்களில் இந்த மோட்டாரை வெளியே எடுத்து நேரே 230 வோல்ட்டில் மாட்டி ஓட விட்டுக் காட்டுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சுமை இல்லாமல் நேரடிக் கரண்ட் கொடுத்தால் இந்த வகை மோட்டார் வேகம் ஏறிக்கொண்டே போகும், கட்டுப்பாடு கிடையாது. மேஜையிலிருந்து எகிறிக் குதிக்கும், உள்ளே சுற்றும் ஆர்மேச்சர் சிதறவும் கூடும். கையால் திருப்பித் தெரியாத எதுவும் அதில் புதிதாகத் தெரியப் போவதில்லை.

உங்கள் மெஷினில் பெல்ட்டே இல்லை, மோட்டார் டிரம்மின் பின்னாலேயே ஒட்டியிருக்கிறது என்றால் இந்த வீடியோ உங்களுக்கு ஒத்துவராது. இன்வெர்ட்டர் வகை என்றால் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் போர்டில் இருக்கும் கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்ட் தங்கியிருக்கும், கை வைக்க வேண்டாம்.

மோட்டாரை இறக்க நான்கு போல்ட். வயர் கனெக்டரைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். மோட்டாரின் உடலில் மூடி சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு. திரும்பப் பூட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும். பின்முனையில் ஒரு குட்டிக் காந்தமும் அதைச் சுற்றி ஒரு காயிலும் இருக்கின்றன. வேகத்தை போர்டுக்குச் சொல்வது அதுதான். அந்தக் காந்தம் உடைந்தாலோ கழன்றாலோ மெஷினுக்குத் தன் வேகமே தெரியாது, எனவே அந்த முனையை எங்கேயும் இடிக்காதீர்கள்.

பேரிங்கின் மேலே 6202 என்று பொறித்திருக்கிறது. உள்விட்டம் 15 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 35, தடிமன் 11. கடைசி இரண்டு எண்தான் உள்ளளவைச் சொல்லும். 04லிருந்து அதை ஐந்தால் பெருக்கினால் மில்லிமீட்டர் வந்துவிடும்: 6204 என்றால் 20, 6205 என்றால் 25. 02 அந்தக் கணக்கில் வராது, அது 15. எண்ணுக்குப் பின்னால் இசட் இசட் என்றிருந்தால் இரும்பு மூடி, ஆர்எஸ் என்றிருந்தால் ரப்பர் மூடி. நான் ரப்பர் மூடிதான் வாங்கினேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரண்டும் சேர்த்து 340 ரூபாய்.

பழையதை எடுப்பதுதான் தகராறு. முன்பக்க உருளையை மோட்டாரின் தண்டான ஷாஃப்டில் இறுக்கி ஏற்றியிருக்கிறார்கள், அதன் பின்னால் பேரிங். இதைப் பிடித்து இழுக்கும் கருவியான என் இரண்டு கால் புல்லர் வழுக்கிக்கொண்டே இருந்தது. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு இதற்குக் கவலைப்படுவானேன்? கணபதியில் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. தெரிந்த அண்ணன் பட்டறைக்குப் போனேன். நான் பையிலிருந்து சுத்தியலை எடுத்ததும் அவர் சிரித்தார். "தம்பி, இதுல சுத்தியல் வெச்சீங்கன்னா புது பேரிங்கும் இன்னிக்கே பழசுங்க." ப்ரெஸ்ஸில் வைத்து ஐந்து நிமிடத்தில் கழற்றிவிட்டார். புதியதை ஏற்றும்போது ஒரு குழாய்த் துண்டை உள்வளையத்தின் மேல் மட்டும் வைத்து அழுத்தினார். வெளிவளையத்தில் அழுத்தினால் அந்த விசை குண்டுகள் வழியாகப் போய் உள்ளே பள்ளம் விழுந்துவிடும். கூலி 100 ரூபாய். டீயும் அவர் கணக்கில்தான்.

பழைய பேரிங்கை வெட்டிப் பார்த்தோம். இதோ, உள்ளே கிரீஸே இல்லை, காபித்தூள் மாதிரி துரு. மோட்டாருக்குள் தண்ணீர் எப்படி வந்தது? மறுபடி மெஷினுக்குள் டார்ச் அடித்தேன். டப்பின் பக்கவாட்டில் வெள்ளையாக ஒரு தடம், சோப்புத் தண்ணீர் காய்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் சோப்புப் பெட்டியிலிருந்து டப்புக்கு வரும் ரப்பர் குழாயில் கிளிப் தளர்ந்திருக்கிறது. கீழே போனால் நேராக மோட்டார் தலை. சொட்டுச் சொட்டாக எத்தனை மாதமோ. ரப்பர் மூடி வாங்கியது அதற்காகத்தான். கிளிப்பை மாற்றாமல் பேரிங்கை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடியும் இதே கரகரதான்.

எல்லாவற்றையும் பூட்டியாகிவிட்டது. முதலில் துணி போடாமல் ஒரு சுற்று. டிரம் ஒரு முறை சுற்றினால் மோட்டார் பத்துப் பன்னிரண்டு முறை சுற்றும். டிரம்முக்கு 1000 என்றால் மோட்டாருக்கு 10,000 தாண்டிவிடும். அதனால் ஸ்பின்னில்தான் உண்மை தெரியும். கேளுங்கள்... ஒரே சீராக உய்ங் என்று போகிறது. அடியில் மெல்லிய ஒரு சிரசிர இருக்கிறது, அது பிரஷ். கழற்றிப் போட்டதால் மறுபடி பதிந்து உட்கார நாலைந்து லோடு ஆகும்.

மெஷினுக்கு அடியில் ஒரு பழைய தினத்தாளை விரித்து வைத்திருக்கிறேன். நேற்றிலிருந்து மூன்று லோடு ஓடியிருக்கிறது. இதோ, வெளியே இழுக்கிறேன்... ராசிபலன் பக்கம், ஒரு சொட்டு ஈரம் இல்லை. இன்னும் ஒரு வாரம் அது அங்கேயே கிடக்கட்டும்.