தேர் கொடுத்தவர் குருவா?

நடுவர் அவர்களே! கலைஞனை உருவாக்குவது குருவா, தன்முயற்சியா என்பது கேள்வி. "குருவில்லா வித்தை கருவில்லா முட்டை" என்று எதிரணி அம்மா கைதட்டு வாங்கிப் போனார். அந்த முட்டையிலிருந்து சேவலே வந்து கூவியிருக்கிறது, அம்மா!

பெயர் டாக்டர் லோனி ஸ்மித். ஜாஸ் என்ற அமெரிக்க இசையில் ஆர்கன் கலைஞர்; ஆர்கன் என்றால் ஆர்மோனியம் போலக் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் பெரிய கருவி. 1942-இல் நியூயார்க் மாநிலத்து லாக்கவானாவில் பிறந்தவர். டாக்டர் பட்டம் படித்து வாங்கியதில்லை. (நமக்கு இது புதிதா என்ன?)

வேலை வெட்டி இல்லாத வயதில் பஃபலோ நகரத்து இசைக்கருவிக் கடையில் தினமும் போய் உட்காருவார். சாத்தும்வரை நகர மாட்டார். "ஏம்பா வர்றே?" என்று கடைக்காரர் ஒருநாள் கேட்டார். "ஒரு கருவி இருந்தால் பிழைத்துக்கொள்வேன்" என்றார். பின்பக்கம் கூட்டிப்போய் ஹாம்மண்ட் கம்பெனி ஆர்கன் ஒன்றைக் காட்டி, "தூக்கிக்கொண்டு போக முடிந்தால் உனக்குத்தான்" என்றாராம். கடைக்காரர் பெயர் ஆர்ட் குபேரா. சத்தியமாக நான் கட்டிவிட்ட பெயர் இல்லை, நடுவரே!

"அவர்தானே குரு?" என்பார்கள். முல்லைக்குப் பாரி தேர் கொடுத்தான். படரவும் கற்றுக்கொடுத்தானா?

அந்தக் கருவி லேசுப்பட்டதில்லை. ஹாம்மண்ட் பி-3 என்றால் அடுக்குக்கு 61 கட்டையாக இரண்டு அடுக்கு, கீழே காலுக்கு 25 கட்டை. வலது கை பாட்டைப் பார்க்கும். இடது கையும் காலும் பேஸை, அதாவது அடியில் ஓடும் கனத்த ஸ்வரங்களை, பார்த்துக்கொள்ளும். பேஸ் வாசிக்கத் தனி ஆளே வேண்டாம். எழுதிய ஸ்வரத்தைப் படிக்கத் தெரியாத மனிதர், இதைக் காதால் பிடித்தார்.

"இன்னொரு ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் இசைத்தட்டைக் கேட்டாரே, அவர் மானசீக குரு" என்று ஏகலைவனை இழுப்பார்கள். விரல் தப்பினால் இசைத்தட்டு தலையில் குட்டுமா? தப்பைக் கண்டதும் அவர் காது, திருத்தியதும் அவர் காது.

1967-இல் சாக்ஸபோன் கலைஞர் லூ டொனால்ட்சனின் 'அலிகேட்டர் பூகலூ' இசைத்தட்டில் ஆர்கன் இவருடையது. சக்கைப்போடு போட்டது. 2017-இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் இவருக்கு 'ஜாஸ் மாஸ்டர்' என்ற கௌரவம் கொடுத்தது. வாத்தியாரே இல்லாதவருக்கு மாஸ்டர் பட்டம்!

நடுவர் மணியில் கை வைக்கிறார், முடித்துவிடுகிறேன். அந்த 25 கால்கட்டையில் ஒன்றையாவது அவருக்கு மிதிக்கச் சொல்லிக்கொடுத்தவர் பெயரை எதிரணி சொல்லட்டும். நான் அந்தப் பக்கமே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.